மழைக்கு முன்னால் வீட்டைத் தயார் செய்வது: இன்வெர்ட்டர், சம்ப், அப்புறம் மற்றதெல்லாம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலியில் தாமிரபரணி வெள்ளம் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் என்று வீடுகளுக்குள் ஏறியதை நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டார்ச், மருந்து, பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரணில் வைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிடுங்கள்.

முதலில் கரண்ட். தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அதை முழுவதுமாக அணைத்துவிட வேண்டும். எனக்குக் குழப்பமாக இருந்தது இதுதான். மெயினை அணைத்ததும் 'கரண்ட் போயிட்டு' என்று இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து கொடுக்க ஆரம்பிக்கும், பாதி பாயிண்டில் கரண்ட் அப்படியே இருக்கும். சரி, இன்வெர்ட்டரை மட்டும் அணைக்கலாமா என்றால் பெரும்பாலான மாடல்களில் மெயின் கரண்ட் அதன் வழியாகவே லைட்டுக்குப் போய்விடும். ஆகவே இரண்டையும் அணைக்க வேண்டும். இன்றைக்குப் பகலிலேயே அணைத்துவிட்டு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள், எதுவும் எரியக்கூடாது. வீட்டில் எல்லாருக்கும் காட்டிக்கொடுங்கள். பேட்டரி மாடிப்படிக்குக் கீழே தரையில் இருந்தால் ஸ்டாண்ட் அடித்து மேலே ஏற்றுங்கள். காலடியில் தண்ணீர் வந்துவிட்டால் போர்டைத் தொடாதீர்கள், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) போன் போடுங்கள்.

அடுத்தது தண்ணீர். அணையில் திறக்கிறார்கள் என்று தண்டோராவோ போனில் செய்தியோ வந்தவுடன் மாடித் தொட்டியை நிரப்பிவிடுங்கள். வெள்ளம் ஏறினால் சம்புக்குள் சாக்கடை இறங்கிவிடும், அதற்கப்புறம் மோட்டாரை ஒரு நிமிடம் போட்டாலும் மாடியில் இருக்கிற நல்ல தண்ணீரும் கெட்டது. சம்பை இறைத்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடும்வரை மோட்டார் பியூஸைப் பிடுங்கி வைப்பது நல்லது. குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கில் மூன்று நாளுக்கு மூடி போட்ட கேனில் தனியாக வையுங்கள்.

சாப்பாட்டுக்கு அவல், பொரிகடலை, கருப்பட்டி. நூடுல்ஸ் வாங்காதீர்கள், அதற்கும் அடுப்பு வேண்டும். வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டுகிற லைட்தான் என் கட்சி, பிள்ளையைத் தூக்க இரண்டு கையும் வேண்டுமே. மெழுகுவர்த்தி வேண்டாம்.

பிற்சேர்க்கை: சிலிண்டரை என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். ரெகுலேட்டரைக் கழற்றி மூடியை மாட்டி, ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டுங்கள். 14.2 கிலோ சிலிண்டர் நிறைந்திருந்தாலும் வெள்ளத்தில் மிதக்கும், காலியானது மட்டும்தான் மிதக்கும் என்று விட்டுவிடாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, அதைச் சுவரிலும் எழுதுங்கள், செல்போன் சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்குமோ.