ஸ்விட்சில் பேனல் டி போன்: முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள்

1995-இல் நின்டெண்டோவின் பழைய கேம் கருவியான சூப்பர் ஃபாமிகாமுக்கு வந்த பேனல் டி போன், வண்ணக் கட்டங்களை இடம் மாற்றி, ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்து மறையவைக்கும் புதிர் ஆட்டம். இது இப்போது நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவிலேயே கிடைக்கிறது. ஆடும் முன் டிவியில் கேம் மோடை ஆன் செய்துவிடுங்கள்; இல்லாவிட்டால் பட்டனை அழுத்திச் சற்றுத் தாமதமாகத்தான் கட்டம் நகரும். அப்புறம், அனலாக் ஸ்டிக் வேண்டாம், திசை பட்டன்தான் சரி.

இந்த ஆட்டத்தின் உயிரே செயின்தான்; அதாவது, ஒரு கூட்டம் மறைந்ததும் மேலிருந்து விழும் கட்டம் அடுத்த கூட்டத்தைச் சேர்ப்பது. மூன்று கட்டங்கள் மின்னி மறையும் அந்த நேரத்தில் கை சும்மா இருக்கக் கூடாது. மேலே இருப்பது எங்கே வந்து விழும் என்று பார்த்து, அதே நிறத்தில் இரண்டை அங்கே ஒட்டி நகர்த்தி வையுங்கள். விழுந்ததும் தானாகச் சேரும், பிரமாதமாக இருக்கும்! தவறிவிட்டால் இசட்எல், இசட்ஆர் பட்டன்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தி ஆட்டத்தைப் பின்னால் ஓட்டி, அதே இடத்தில் மறுபடி பழகலாம்.