தலைக்கணக்கு வேறு, வாக்குக்கணக்கு வேறு: ராமநாதபுரம் கரையில் கட்சிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரத்தில் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு கட்சி எந்த நிலையில் இருக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள். 2011 கணக்கெடுப்பைப் பிரித்து, மாவட்டத்தில் 13.53 லட்சம் பேர், முஸ்லிம்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு, பட்டியல் சாதியினர் 18 சொச்சம் என்று எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு சின்னத்தைப் போட்டுவிடுகிறார்கள். தலை வாக்காக மாறுவதற்குள் வயது, குடியுரிமை, பட்டியலில் பெயர், வாக்குப்பதிவு நாளில் ஊரில் இருப்பது, சாவடிக்குப் போவது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று ஆறு படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் ஆள் குறைகிறது. எல்லாச் சமூகத்திலும் ஒரே அளவில் குறைவதில்லை.

எல்லையிலிருந்தே தொடங்கலாம். மாவட்டமும் மக்களவைத் தொகுதியும் ஒன்றல்ல. பரமக்குடி, திருவாடானை, ராமநாதபுரம், முதுகுளத்தூர் ஆகிய நான்கோடு புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியும் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியும் சேர்ந்ததுதான் இந்த மக்களவைத் தொகுதி. மாவட்ட விழுக்காட்டைத் தொகுதிக்குப் பொருத்தினால் இரண்டு முழுச் சட்டமன்றத் தொகுதிகள் கணக்கில் இல்லாமல் போய்விடும். தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த 2008 மறுவரையறையில் கடலாடி தொகுதியே மறைந்தது. அதனால் 2006 முடிவையும் 2011 முடிவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது செல்லாது.

சாவடி அளவிலும் இதே தவறு நடக்கிறது. சாவடிவாரி வாக்குகள் படிவம் 20-இல் கிடைக்கும். ஆனால் சாவடி எண் நிலையானதல்ல; ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 1,200 வாக்காளர் என்று வரம்பைக் குறைத்தபோது பல பாகங்கள் (ஒரு சாவடிக்குரிய வாக்காளர் பட்டியல்) பிரிந்தன. எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். பாகத்தின் முதல் பக்கத்தில் உள்ள ஊர், தெருப் பெயர்களை வைத்து ஒப்பிடுங்கள். 2025 இறுதியில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று ஏராளமான பெயர்கள் நீங்கின. அதற்கு முந்தைய பட்டியலைவிட எண்ணிக்கை குறைந்திருந்தால் ஊர் சுருங்கிவிட்டது என்று பொருளல்ல.

இந்தக் கரையில் மிகப் பெரிய பிழை ஊரில் இல்லாதவர்களை எண்ணுவதுதான். கீழக்கரை, தொண்டி, பனைக்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு சபுராளிகள், அதாவது பிழைப்புக்கு வெளிநாடு போனவர்கள், உண்டு. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் படிவம் 6ஏ கொடுத்துப் பெயர் சேர்க்கலாம். ஆனால் வாக்களிக்க அசல் பாஸ்போர்ட்டுடன் நேரில் வர வேண்டும். அவருக்குத் தபால் வாக்கு கிடையாது. ஆகவே அந்தத் தெருக்களில் தேர்தலை முடிவு செய்வது பெண்களும் முதியவர்களும். வீட்டு ஆணிடம் போனில் பேசிவிட்டு நான்கு வாக்கு என்று குறித்துக்கொள்ளும் பூத் ஏஜென்ட், வாக்களிக்க வராத ஒருவரிடம் கேட்டுவிட்டு, வாக்களிக்கப் போகும் மூவரிடம் கேட்காமல் வருகிறார். மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களும் கணக்கெடுப்பில் வருவார்கள், குடியுரிமை இல்லாதவரை வாக்காளராக மாட்டார்கள். பல பத்தாண்டுகளாக இதே மண்ணில் வாழ்கிறவர்கள் என்பதால் இது மனதை உறுத்தும் நிலை. என்றாலும் கணக்கில் அவர்களைத் தனியாகத்தான் வைக்க வேண்டும்.

காலண்டரையும் பாருங்கள். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2021-இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6, தடைக்கு முன். 2024-இல் ஏப்ரல் 19, தடைக்குள். தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளிகள் சிலர் கரையில் இருப்பார்கள், சிலர் கேரளக் கரைக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடையே இல்லை. 2024-இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 11-இல் வந்தது, விடுப்பில் வந்தவர்கள் எட்டு நாள் கழித்து வாக்களிக்க வாய்ப்பிருந்தது. பாம்பன், தங்கச்சிமடம் சாவடிகளிலோ கீழக்கரையிலோ பதிவு ஏறி இறங்கினால், அதை மக்கள்தொகை மாற்றம் என்று எழுதும் முன் இந்தத் தேதிகளைச் சரிபாருங்கள்.

பிறப்பு விகிதத்தை வைத்துப் பயமுறுத்துவதும் பெருமைப்படுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 1992-93-இல் இந்திய அளவில் முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரி 4.4 குழந்தை, இந்துப் பெண்ணுக்கு 3.3. 2019-21-இல் அது 2.36, 1.94. இடைவெளி பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பழைய போக்கை அப்படியே நீட்டி 2050-க்கு முடிவு சொல்கிறவரை நம்பாதீர்கள். இதைவிட எளிய உண்மை ஒன்று உண்டு: 2026-இல் பிறக்கும் குழந்தை 2044-இல்தான் வாக்காளர். அதுவரை வரப்போகிற அத்தனை புது வாக்காளர்களும் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். 2036-இல் பதினெட்டு ஆகிறவர் 2026-இல் மூன்றாம் வகுப்பில் இருக்கிறார். எனவே ஊகம் வேண்டாம். பள்ளிகளின் வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை போதும்.

மக்கள்தொகை மாற்றத்துக்கு உண்மையில் எவ்வளவு வலு இருக்கிறது? 1,000 பெயர் கொண்ட ஒரு பாகத்தைக் கற்பனை செய்யுங்கள். பத்தாண்டில் இறப்பால் 100 பெயர் போகிறது. 150 பிள்ளைகள் வயதுக்கு வருகிறார்கள், அதில் 50 பேர் திருப்பூர், சென்னை என்று போய்விடுகிறார்கள். ஆக 100 போய் 100 வருகிறது. போனவர்கள் இரு கட்சிக்கும் சரிபாதி, வந்தவர்கள் ஒரு கட்சிக்கு 60, மற்றதற்கு 40 என்றால் கிடைக்கும் முன்னிலை 20 வாக்கு. மீதி 900 பேரில் வெறும் 5 விழுக்காடு, அதாவது 45 பேர், ஒரு கட்சியிலிருந்து மற்றதற்குத் தாவினால் வித்தியாசம் 90 வாக்கு மாறும். மக்கள்தொகை மாற்றம் மெதுவானது; மனம் மாறுவது வேகமானது. இந்த இரண்டையும் ஒரே பத்தியில் கலப்பவர்கள்தான் அதிகம்.

தொகுதியின் வரலாறே இதைக் காட்டுகிறது. 2014-இல் அ.தி.மு.க.வின் அன்வர் ராஜா வென்றார். 2019-இலும் 2024-இலும் தி.மு.க. கூட்டணியில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனி வென்றார். ஐந்தாண்டில் மக்கள் கலவை மாறவில்லை, கூட்டணி மாறியது. 2019-இல் அ.தி.மு.க. துணையோடு நின்ற பா.ஜ.க.வின் நயினார் நாகேந்திரன் சுமார் 3.42 லட்சம் வாக்கு வாங்கினார். 2024-இல் பா.ஜ.க. ஆதரவோடு சுயேச்சையாக, பலாப்பழச் சின்னத்தில் நின்ற ஓ. பன்னீர்செல்வமும் சுமார் 3.42 லட்சம்தான். ஆனால் இம்முறை அ.தி.மு.க. எதிரில் தனி வேட்பாளரோடு நின்றது. மொத்தம் ஒன்றாக இருப்பதைப் பார்த்து வாக்காளரும் அவர்களே என்று முடிவு கட்டினால், எந்தச் சாவடியில் ஆள் போனார்கள், எங்கே வந்தார்கள் என்பது தெரியாமலே போகும். இதற்காகத்தான் படிவம் 20-ஐச் சாவடி சாவடியாகப் படிக்கச் சொல்வது.

வயதைப் படிக்கும்போதும் கவனம் தேவை. 1977-இல் 21 வயதில் இரட்டை இலைக்குக் குத்தியவருக்கு 2026-இல் 70 வயது. முதியவர்களிடம் அந்தச் சின்னத்துக்குச் செல்வாக்கு தெரிந்தால், வயதானால் எல்லோரும் அப்படி ஆவார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தலைமுறை வளர்ந்த காலம் அப்படி. இன்றைய 20 வயதுக்காரர் 70-இல் வேறு சின்னத்தில் நிற்கலாம்.

வேலைக்கு வேண்டியது ஒரு பாகத்துக்கு ஒரு தாள்: 18-29, 30-44, 45-59, 60-க்கு மேல் என்று நான்கு வரிசை, ஆண் பெண் தனித்தனி, பெயர் இருந்தும் ஊரில் இல்லாதவருக்கு இன்னொரு கட்டம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1 ஆகிய, 18 வயது நிறைந்ததா என்று பார்க்கும் நான்கு தகுதி நாட்களையும் ஒட்டித் திருத்துங்கள். 2027 கணக்கெடுப்பும் அதற்குப் பின் மறுவரையறையும் வந்து எல்லைகள் மாறினால், ஊர் தெருப் பெயரில் எழுதிய தாள்களைப் புதிய தொகுதிக்கு அப்படியே அடுக்கிக்கொள்ளலாம்.