கோப்பையில் புகை வரும் முன்: வீட்டில் பிளைவுட் மோட்டார் படகு கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினான்கு அடி நீளம், 15 குதிரைசக்தி என்ஜின், மூன்று நான்கு பேர் உட்காரும் இடம். இந்த அளவிலான படகை வீட்டுக் கார் ஷெட்டிலேயே கட்டிவிடலாம். பிளைவுட்டை வரைபடத்தின்படி அறுத்து, ஓரங்களில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, உள்மூலைகளில் எபாக்ஸிப் பசையை வழித்து, மேலே கண்ணாடி இழையால் நெய்த கிளாஸ் துணி ஒட்டுவார்கள். இங்கிலாந்தில் 1960களில் வந்த மிரர் என்ற சிறு பாய்ப்படகைப் பல்லாயிரம் பேர் இப்படித் தைத்து ஒட்டித்தான் வீட்டிலேயே கட்டினார்கள். நம் சோழமண்டலக் கரையின் மசூலா படகும் தையல் படகுதான். அதைக் கடைசிவரை பிடித்திருந்தது கயிறு. இங்கே கம்பிக்குப் பசை இறுகும் வரைதான் வேலை, மீதி முழுக்க எபாக்ஸியின் பொறுப்பு. அதனால்தான் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் எபாக்ஸியோடு சம்பந்தப்பட்டவை.

முதலில் பலகை. கடையில் "வாட்டர் புரூஃப்தான் சார், தாராளமா எடுத்துக்கங்க" என்பார்கள். தகட்டின் மேல் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் மரைன் பிளைவுட். சமையலறை அலமாரிக்கு வாங்கும் ஐ.எஸ். 303 தகடு படகுக்கு ஆகாது. முத்திரையோடு விட்டுவிடாமல் ஒரு துண்டை நாலைந்து மணி நேரம் கொதிக்க வைத்து, வெயிலில் காயப்போட்டு, ஏடு பிரிகிறதா என்று பாருங்கள். அறுத்த ஓரத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள் ஏடுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால், பக்கப் பலகையை வளைக்கும்போது சரியாக அந்த இடத்தில்தான் ஒடியும்.

தைத்து முடித்ததும் படகு வடிவத்துக்கு வந்துவிடும். அந்த மகிழ்ச்சியில் உடனே பசை வழிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு நேரான சட்டங்களைக் குறுக்கே வைத்து, தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரியாவிட்டால் படகு முறுக்கிக்கொண்டிருக்கிறது. இப்போது ஆப்பு வைத்துப் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். பசை இறுகிய பிறகு கண்டுபிடித்தால், அந்தப் படகு ஆயுளுக்கும் ஒரு பக்கம் இழுக்கும்.

சரி, எபாக்ஸிக்கு வருவோம். ரெசின் என்ற பிசினும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரும் குறித்த விகிதத்தில் சேர்ந்தால்தான் இறுகும். பாலியஸ்டர் ரெசின் வேலை பார்த்துப் பழகியவர்கள் "சீக்கிரம் இறுகட்டும்" என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுவார்கள். எபாக்ஸியில் அப்படிச் செய்தால் இறுகாமல் ரப்பர் போலவே நிற்கும், பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும். விகிதம் எடைக்கா, அளவுக்கா என்பதையும் டப்பாவில் படித்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. நம் கடைகளில் எடையில் 100க்கு 10 என்று வரும் வகை உண்டு. அதில் 100 கிராம் ரெசினுக்கு ஹார்டனர் ஒரு கிராம் தவறினாலே பத்து சதவீதப் பிழை. 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

அடுத்தது சூடு. எபாக்ஸி இறுகும்போது தானே வெப்பம் வெளியிடும். வெப்பம் ஏறினால் இன்னும் வேகமாக இறுகும், அதனால் இன்னும் வெப்பம். ஆழமான கோப்பையில் அரை கிலோ கலந்து வைத்துவிட்டுத் துணியை நேராக்கப் போனால், திரும்பி வருவதற்குள் கோப்பை தொட முடியாத சூட்டில் இருக்கும். பிளாஸ்டிக் இளகிச் சரியும், மஞ்சள் நுரை பொங்கும், நெடியோடு புகை எழும். பத்து டிகிரி கூடினால் கைக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. 25 டிகிரியில் இருபது நிமிடம் கிடைக்கும் கலவைக்கு நம் ஊர் மே மாதத்தில் பத்து நிமிடம்கூடச் சந்தேகம்தான். மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்குங்கள், 150, 200 கிராமாகக் கலக்குங்கள், கலந்ததும் அகலமான தட்டில் பரப்பி ஊற்றுங்கள். மெல்லிய படலமாக இருந்தால் வெப்பம் வெளியேறிவிடும்.

நேரமும் முக்கியம். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சு முழுக்கக் குமிழியாக வெளிவரும். வெயில் தாழ்ந்த பின் பூசினால் அதே காற்று சுருங்கி ரெசினை மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். மழைநாளையும் ஈரக்காற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

மறுநாள் காலை இறுகிய பரப்பைத் தடவினால் மெழுகு பூசியது போல ஒரு வழுக்கல் தெரியலாம். ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. நேராக உப்புத்தாளால் தேய்த்தால் அந்த மெழுகு கீறல்களுக்குள்தான் இறங்கும், அடுத்த பூச்சு பிடிக்காது, பெயின்ட் தோலாக உரியும். முதலில் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவித் துடையுங்கள். அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள். வரிசை இதுதான்.

மூலைப் பசைக்குச் சேர்க்கும் பொடியிலும் பலர் ஏமாறுகிறார்கள். உள்ளே வெற்றான நுண் உருண்டைகளாலான மைக்ரோபலூன் பொடி எடை குறைந்தது, தேய்க்கச் சுகமானது. ஆனால் அது பட்டி பார்ப்பதற்குத்தான். மூலைகளுக்கு மரமாவும் நுண் சிலிகாவும் கலந்து, கடலை வெண்ணெய்ப் பதத்தில் வழியுங்கள். அதே போல, கடையில் மலிவாகக் கிடைக்கும் சாப்டு ஸ்டிராண்டு மேட் (நெய்யாமல், துண்டு இழைகளை ஒட்டிச் செய்த கிளாஸ் விரிப்பு) எபாக்ஸிக்குத் தோதானதல்ல. அதன் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பொருள் பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காக ஆனது. எபாக்ஸியில் மேட் விறைத்துக்கொண்டே நிற்கும். நெய்த துணியே வாங்குங்கள்.

பாய்ப்படகு கட்டியவர்கள் மோட்டார் படகில் தவறவிடும் இடம் அடிப்பகுதி. வேகமெடுத்ததும் படகு தண்ணீரின் மேல் ஏறி ஓட வேண்டும். அதற்குப் பின்பக்க நாலைந்து அடி, நெடுக்குவாட்டில் சட்டம் வைத்தாற்போல நேராக இருக்க வேண்டும். பின்விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருந்தால் அணியம், அதாவது படகின் முன்முனை, தண்ணீரைக் குத்திக்கொண்டு போகும். மேல்நோக்கி வளைந்திருந்தால் படகு துள்ளத் தொடங்கும். கிளாஸ் துணி படிவதற்காக விளிம்புகளை எல்லாம் உருட்டுவோம், அது சரிதான். ஆனால் பின்பக்க விளிம்பை அப்படியே விட்டால் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு மேலேறிப் படகைப் பின்னுக்கு இழுக்கும். துணி இறுகியதும் கெட்டிப் பசையால் அங்கே மறுபடி கூர்மையான முனை கட்டுங்கள்.

என்ஜின் மாட்டும் பின்பலகையின் உயரத்தை என்ஜினைப் பார்த்து முடிவு செய்யுங்கள். என்ஜினிலிருந்து புரொப்பல்லர் வரை இறங்கும் தண்டுதான் ஷாஃப்டு: குட்டை ஷாஃப்டுக்கு 15 அங்குலம், நெட்டை ஷாஃப்டுக்கு 20. புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்தோடு ஒன்றி வர வேண்டும்.

அந்தப் பின்பலகையில் துளை போடுவதைப் பற்றி எனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. என் முதல் படகில் ஆழமானிக்காக இரண்டே இரண்டு திருகு முடுக்கினேன், துளையில் கொஞ்சம் சிலிக்கான் வைத்து. இரண்டு மழைக்காலம் போன பிறகு திருகைச் சுழற்றினால் கையோடு வந்தது, பின்னாலேயே கறுப்புத் தண்ணீர் சொட்டியது. உள்ளே மரத்தை ஸ்பூனால் தோண்டி எடுக்க முடிந்தது. வெளியே கிளாஸ் துணியும் பெயின்ட்டும் புத்தம் புதிதாக இருந்தன. இப்போது எந்தத் துளையானாலும் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையிடுகிறேன். திருகு மரத்தையே தொடாது. தண்ணீர் வடியும் துளைக்கும் இதேதான்.

இருக்கைக்கு அடியில் மிதவைக்கு ஃபோம் வையுங்கள். ஒரு லிட்டர் ஃபோம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். 15 குதிரைசக்தி நான்கு ஸ்ட்ரோக் என்ஜினே சுமார் 50 கிலோ, அதை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். தண்ணீர் உறிஞ்சாத ஃபோமாக இருக்கட்டும். அறையை அடைத்து மூடிவிடாமல், திறந்து பார்க்க ஒரு மூடி வையுங்கள்.

கையுறை போடாமல் எபாக்ஸியைத் தொட்டவர்களுக்கு முதல் மாதம் ஒன்றும் ஆகாது. பிறகு ஒருநாள் மணிக்கட்டில் அரிப்பு தொடங்கும். அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் போகாது, டப்பாவைத் திறந்தாலே முகம் வீங்குபவர்கள் இருக்கிறார்கள். நைட்ரில் கையுறை போடுங்கள். தோலில் பட்டால் தின்னரால் துடைக்காதீர்கள், அது பசையைத் தோலுக்குள்ளேதான் கொண்டுபோகும். சோப்பும் தண்ணீரும் போதும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம், அதுவும் முழுதாக இறுகாத எபாக்ஸியின் தூசு மிகவும் கெடுதல்.

கடைசியாக வெயில். கண்ணாடி போலப் பளபளக்கும் எபாக்ஸிக்கு மேல் பெயின்ட் அடிக்க மனசு வராது. ஆனால் அடிக்காமல் வெளியே போட்டால் புற ஊதாக்கதிரில் மங்கி, வெளிறி, மாவாக உதிரும். மரம் தெரிய வேண்டும் என்றால் புற ஊதாக்கதிரைத் தடுக்கும் வார்னிஷை ஐந்தாறு கை அடியுங்கள். தண்ணீரில் இறக்கிய முதல் நாள் கரைக்கு வந்ததும், இருக்கை மூடிகளைத் திறந்து மூலைகளை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அந்த இடத்தை அன்றே குறித்து வையுங்கள்.