பாண்ட் பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது: நிலக்கரிச் சுரங்க நில மீட்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கிழக்குக் கென்டக்கியில், வெட்டி முடித்து மூடிய ஒரு சுரங்கச் சரிவில் நின்றிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன இளைஞர் ஒருவர், விதையும் உரமும் கலந்த கூழைப் பீய்ச்சும் ஹைட்ரோசீடர் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு, சொட்டையாகத் தெரிந்த இடங்களைக் காட்டினார். அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருகிறார், அதற்குள் விதையும் உரமும் அடித்துவிடட்டுமா என்று கேட்டார். அவராவது கேட்டார். அதே வயதில் நான் யாரிடமும் கேட்காமல் அடித்தேன்.

பெர்மிட் எல்லையைத் தாண்டாதே, மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வை என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாண்ட் முறையை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1977 ஆகஸ்ட் 3 அன்று கையெழுத்தான திறந்தவெளிச் சுரங்கச் சட்டப்படி, நிறுவனம் பாண்ட், அதாவது பிணைத் தொகை, கட்டினால்தான் பெர்மிட் கிடைக்கும். நிறுவனம் நிலத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனால், அந்தப் பணத்தைக் கொண்டு அரசு சரிசெய்யும். பாண்ட் மூன்று கட்டமாக விடுவிக்கப்படும். குழியை மூடி, சரிவைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்து, வடிகால் அமைத்தால் 60 சதவீதம் வரை கிடைக்கும். மேல்மண் பரப்பிச் செடிகொடி நிலைத்தால் இரண்டாம் கட்டம். மிச்சம் கிடைக்க, பொறுப்புக் காலம், அதாவது செடிகொடி நிலைத்து நிற்பதற்கு நிறுவனம் பொறுப்பேற்கும் ஆண்டுகள், முழுதாக முடிய வேண்டும்.

நான்காவது ஆண்டில் விதை தூவுவது

ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேல் இருக்கும் இடத்தில் பொறுப்புக் காலம் முழுதாக 5 ஆண்டு. 26 அங்குலமோ அதற்குக் குறைவோ என்றால் 10 ஆண்டு. இதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த ஆண்டுகளை எங்கிருந்து எண்ணுவது என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள். முதல் விதைப்பிலிருந்து எண்ணுவதில்லை. கூடுதலாக விதைத்தது, உரமிட்டது, நீர் பாய்ச்சியது எல்லாம் எந்த ஆண்டு கடைசியாக நடந்ததோ, அந்த ஆண்டுக்குப் பிறகுதான் கணக்கு தொடங்கும்.

எனக்கு அது தெரியாது. நான்காவது ஆண்டு, நல்ல பசுமையான சரிவு, நடுவில் அங்கங்கே பத்துப் பன்னிரண்டு சொட்டைகள். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று ஒரே மதியத்தில் எல்லாவற்றிலும் அடித்துவிட்டேன். மூன்று நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். பச்சைச் சாயம் ஏற்றிய விதைக்கூழ் இன்னும் முழுதாகக் காயவில்லை. குனிந்து இரு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். என்றைக்கு அடித்தீர்கள் என்று கேட்டு, தேதியை நோட்டில் எழுதிக்கொண்டார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. கடந்துபோன நான்கு ஆண்டும் கணக்கிலிருந்து போயின.

சொட்டைகளை மட்டும் பிரித்து, அவற்றுக்குத் தனி பாண்ட் வைத்துவிட்டு மற்ற நிலத்தை விடுவிக்கலாமே என்று மன்றாடினோம். விதியில் அதற்கு இடமுண்டு. ஆனால் பிரிக்கும் பகுதி தெளிவான எல்லையோடு, அளவில் சிறியதாக இருக்க வேண்டும். சதுரங்கப் பலகைக் கட்டம்போல் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருக்கக் கூடாது. என்னுடையவை அப்படித்தான் சிதறியிருந்தன.

இன்றைக்கும் எனக்கு ஆறாதது வேறு. அடித்த விதை முளைக்கவே இல்லை. பிறகு மண்ணைச் சோதித்தபோதுதான் தெரிந்தது, பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் கலந்த களிப்பாறைத் துண்டுகள் மேலே வந்து கிடந்திருக்கின்றன. காற்றும் மழையும் பட்டு அமிலமாகிப்போன மண்ணில் எந்தப் புல்தான் நிற்கும்? முதல் ஆண்டே சோதித்துச் சுண்ணாம்பு போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். விதையும் வீண், ஆண்டுகளும் வீண்.

அதனால் முதல் இரண்டு வசந்தத்திலும் நிலம் முழுவதையும் கால்நடையாகச் சுற்றிப் பாருங்கள். சொட்டை தெரிந்தால் முதலில் மண் மாதிரி எடுங்கள். அந்த மாநிலம் வழக்கமான பராமரிப்பு என்று ஒப்புக்கொண்ட வேலைகளின் பட்டியலைக் கையில் வைத்திருங்கள். பூச்சி, நோய்க் கட்டுப்பாடு போன்றவை அதில் இருந்தால், அவற்றைச் செய்வதால் கணக்கு மாறாது. பட்டியலில் இல்லாத எதையும் எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடாதீர்கள். வயோமிங் மாதிரி வறண்ட மாநிலத்தில் எட்டாவது ஆண்டில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணை இறுக்கி வழவழப்பாக்குவது

புல்டோசர் ஓட்டுநருக்குச் சரிவு மொழுமொழுவென்று இருந்தால்தான் திருப்தி. மரம் வளர்க்கப்போகும் நிலத்தில் அது கேடு. அப்பலாச்சியப் பகுதியில் 2004இல் தொடங்கிய காடு மீட்பு முயற்சி சொல்வது, வேர் இறங்க நான்கு அடி ஆழத்துக்குத் தளர்வான மண் வேண்டும் என்பது. கரடுமுரடாகவே விடுங்கள். கென்டக்கி-31 புல்லை அடர்த்தியாக விதைத்தால் மரக்கன்று மூச்சுவிட முடியாது.

செத்த கன்றுகளைக் கடைசியில் மாற்றி நட்டுச் சமாளிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். எண்ணிக்கைக்கு வரும் மரங்களில் குறைந்தது 80 சதவீதம், பொறுப்புக் காலத்தின் 60 சதவீத நேரமாவது அங்கேயே நின்றிருக்க வேண்டும். 5 ஆண்டு என்றால் 3 ஆண்டு.

தண்ணீரை மறப்பது

கீழே ஊற்று, அமிலமும் இரும்பும் கலந்து ஆரஞ்சு நிறத்தில் கசிந்தால், மேலே காடே வளர்ந்திருந்தாலும் பாண்ட் முழுதாக வெளியே வராது.

பத்திரிகை விளம்பரம்

பாண்டை விடுவிக்க விண்ணப்பித்ததை உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, நான்கு வாரம், இடைவெளி விடாமல். ஒரு வாரம் தவறினாலும் கணக்கில் சேராது.

பனிக்காலத்தில் விண்ணப்பிப்பது

வேண்டாம். செடியே கண்ணுக்குத் தெரியாதபோது எதைப் பார்த்து ஒப்புதல் தருவார்கள்?

அந்த இளைஞரிடம் பம்பை நிறுத்தச் சொல்லி, மண்வெட்டியைக் கொடுத்தேன். ஒவ்வொரு சொட்டையிலும் ஆறு அங்குலம் தோண்டி, பைகளில் எண் எழுதி, வரைபடத்தில் குறித்துக்கொண்டோம். அவருடைய சரிவு இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறது. சொட்டைகளும் தெற்கு மூலையில் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. தேவைப்பட்டால் அந்த மூலையை மட்டும் பிரிக்கக் கேட்கலாம். சோதனை முடிவு வரும்வரை ஹைட்ரோசீடர் கொட்டகையில் நிற்கும்.