சுருட்டு அலமாரியில் ஈரப்பதம் நிற்காத கதை

சுருட்டுகளுக்காக நானே செய்த மர அலமாரியில் ஈரப்பதம் 58 விழுக்காட்டைத் தாண்டாமல் பத்து நாள் அலைக்கழித்தது. எனக்குத் தேவைப்பட்டதோ 65 முதல் 70 வரை. உள்ளே பதித்த ஸ்பானிஷ் சிடார் பலகை (பெயரில் சிடார் இருந்தாலும் வேப்பமரக் குடும்பத்தைச் சேர்ந்தது) புதிதாகையால் நீரைக் குடிக்கிறது என்று எண்ணி, காய்ச்சி வடித்த நீரைக் கிண்ணங்களில் வைத்தேன். நீர் குறைந்ததே தவிர, அளவு ஏறவில்லை. அடுத்து ஈரமானியைச் சந்தேகித்து, நனைத்த உப்புடன் மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்தபோது, காட்டவேண்டிய 75-ஐச் சரியாகவே காட்டியது. கதவின் ரப்பர் பட்டையை மாற்றியும் பயனில்லை.

கடைசியில் கதவிடுக்கில் காகிதத் துண்டை வைத்து மூடி, சுற்றிலும் இழுத்துப் பார்த்தேன். பூட்டுப் பக்கம் இறுகப் பிடித்த காகிதம் கீல் பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. கீலின் திருகாணித் தலைகள் ஒரு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு, பட்டையை அங்கே அமுங்கவிடாமல் தடுத்திருந்தன. கசிவைத் தேடுகையில் எவரும் திறக்கும் பக்கத்தைத்தான் பார்ப்போம். கீல் பதியும் பள்ளத்தை உளியால் ஆழமாக்கி, திருகாணித் துளைகளின் வாயைச் சரிவாகக் குடைந்து, தலைகளை மட்டத்துக்கு இறக்கினேன். மூன்றாம் நாள் ஈரமானி 67 காட்டியது, நிம்மதியாயிற்று.