புதுத் தொழில்நுட்பத்தின் குறையை எடைபோடுவது எப்படி?

"விலை அதிகம், தரம் மட்டம், இதை யார் வாங்குவார்கள்?" புதுப் பொருளைப் பார்த்து ஒரு துறையில் ஊறியவர்கள் சொல்வது அன்றைய நிலவரப்படி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 1975-ல் ஃபிலிம் விற்ற அமெரிக்க நிறுவனமான கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவ் சாஸன் செய்த டிஜிட்டல் கேமராவின் எடை சுமார் 3.6 கிலோ. கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் அகலத்தில் 100, உயரத்தில் 100 புள்ளி (பிக்சல்) மட்டும்தான். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 நொடி பிடித்தது. குறை இருக்கிறதா என்பதல்ல கேள்வி. அது தேயுமா, தேயாதா என்பதுதான்.

முதலில் குறைகளைத் தாளில் எழுதி இரண்டாகப் பிரியுங்கள். விலை, எடை, புள்ளி எண்ணிக்கை எல்லாம் தேயக்கூடியவை. இயற்கையே போட்ட வேலி தேயாது. விரல் நுனியில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் ஏகப்பட்ட பரிசோதனைகள் செய்வதாகச் சொன்ன அமெரிக்க நிறுவனமான தெரானோஸ் 2018-ல் மூடப்பட்டது. அந்த ரத்தத்தில் திசு நீரும் கலந்துவிடும். அளவு போதாமல் நீர்க்கச் செய்தால் பிழை பெருகும். பணத்தைக் கொட்டினாலும் இது நகராது.

அடுத்து, ஒரே ஓர் அளவை எடுங்கள். விற்பவர் காட்டும் அளவு வேண்டாம். வாங்குபவர் எதற்குக் காசு கொடுக்கிறாரோ அது. பேட்டரி என்றால் ஒரு கிலோவாட் மணிக்கு என்ன விலை என்று பாருங்கள். குறைந்தது மூன்று ஆண்டுகளின் விவரம் தேவை. இதுவரையான மொத்த உற்பத்தி இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் விலை எத்தனை சதவீதம் இறங்கியது என்று கணக்கிடுங்கள். சூரிய மின்தகட்டுக்கு இது ஏறக்குறைய 20. அப்படியானால் 5 இரட்டிப்பில் விலை மூன்றில் ஒரு பங்கு, 10 இரட்டிப்பில் பத்தில் ஒரு பங்கு. பலர் சறுக்குவது இங்கேதான்: மொத்த உற்பத்திக்குப் பதிலாக ஆண்டு உற்பத்தியைப் போட்டுக் கணக்கைக் கெடுத்துக்கொள்வார்கள். மொத்த உற்பத்தி இரட்டிப்பது போகப்போகக் கடினமாகும்: ஆயிரம் இரண்டாயிரமாவது சீக்கிரம் நடக்கும், கோடி இரண்டு கோடியாவது அப்படியல்ல.

பழைய நிறுவனங்களின் பேச்சைவிட, பணம் எங்கே போகிறது என்று கவனியுங்கள். ஆய்வுக்கா, வழக்குக்கா, சட்டம் கேட்டு அலைவதற்கா? "எங்கள் விற்பனை குறையவில்லையே" என்பதைச் சான்றாக எடுக்காதீர்கள். ஃபிலிம் விற்பனை உச்சம் தொட்டதே 2000 வாக்கில்தான், அதாவது சாஸனின் கேமராவுக்கு 25 ஆண்டு கழித்து! கோடாக் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது.

நீங்களே பழைய துறையில் இருந்தால், பொருட்களை அல்ல, கைவசமுள்ள திறமைகளைப் பட்டியலிடுங்கள். ஜப்பானிய ஃபிலிம் நிறுவனமான ஃபுஜிஃபிலிம் செய்தது இதுதான். மெல்லிய படலம் வார்க்கத் தெரிந்த கை, எல்சிடி திரைக்கான பாதுகாப்புப் படலத்துக்குப் போனது. கொலாஜன் என்ற புரதமும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பும் பழகிய வேதியியல் 2007-ல் சருமப் பூச்சாக வந்தது.