ஊருக்கு வரும் முதலீட்டை எப்படி அமைப்பது: யாழ்ப்பாணத்துக்கு ஏற்ற ஒரு வழி

வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "காசு சேர்த்து வைத்திருக்கிறோம். தானமாகக் கொடுத்து முடிக்காமல், திரும்பி வந்து இன்னொரு இடத்துக்கும் உதவுகிற மாதிரிப் போட வழி இருக்கா?" இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் பார்ப்பது என் தொழில். வலிகாமத்திலும் தீவகத்திலும் கணக்குப் புத்தகங்களில் கண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சமூகப் பயன் முதலீடு என்று இன்று உலகம் சொல்வது, 2007இல் அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய சந்திப்பில் பெயர் பெற்றது. ஆனால் இலங்கையில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் 1906இலேயே தொடங்கிவிட்டன. வலிகாமத்தில் உள்ள மூளாயில் ஊரவர்கள் 1930களில் கூட்டுறவாக ஒரு வைத்தியசாலையையே கட்டினார்கள். ஆகவே புதிதாக ஒன்றை இறக்குமதி செய்கிறோம் என்ற நினைப்போடு வராதீர்கள். ஏற்கெனவே இயங்கும் சங்கம் ஒன்றைத் தேடுவதுதான் முதல் வேலை.

தேடிப் போனால் கேட்க வேண்டியது கணக்குப் புத்தகத்தை. திட்ட அறிக்கை பிறகு வரட்டும். புத்தகம் இல்லாவிட்டால் காசு போடாதீர்கள். ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு வைத்து மூன்று மாதம் வரவு செலவை எழுதப் பழக்குங்கள். அந்தச் சம்பளம் நீங்கள் செலவழிக்கும் மிகப் பயனுள்ள காசாக இருக்கும். புத்தகம் இருந்தால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள்: எந்த மாதத்தில் காசு வருகிறது, விற்ற பொருளுக்குக் கடைக்காரர் எத்தனை நாளில் காசு கொடுக்கிறார்.

பனங்கட்டி செய்யும் பெண்கள் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சீவல் தொழிலாளரிடம் காலையில் கருப்பநீர் (பதநீர்) வாங்க வேண்டும். அதற்குக் கையில் காசு வேண்டும். கொட்டிலில் தாச்சி வைத்து, விறகு எரித்து, பதம் பார்த்துக் காய்ச்சிக் குட்டானில் (பனையோலைச் சிறு பெட்டியில்) ஊற்றுவார்கள். நல்ல சரக்கு. ஆனால் பனை சீவுவது வருடத்தில் சில மாதங்கள்தான். அந்த நேரத்தில் ஊர் முழுக்கப் பனங்கட்டி இருப்பதால் விலை விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விலை ஏறும்போது, வைத்திருந்த குட்டான்கள் ஈரம் பிடித்துக் கசியத் தொடங்கிவிடும். இந்தக் குழுவுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் உடனே நினைப்பது புது இயந்திரம். குழுவுக்குத் தேவையானது, ஈரம் புகாத ஒரு சேமிப்பு அறை, காற்றுப் புகாமல் பொதி செய்யும் வசதி, பருவத்தில் கருப்பநீர் வாங்கக் கையிருப்புக் காசு. தையல் இயந்திரங்களைக் கொடுத்துவிட்டுத் தைக்க வேலை கொடுக்காமல் போனதை எத்தனை ஒழுங்கைகளில் பார்க்கிறோம்!

அடுத்தது பழைய கடன். உடன்படிக்கை எழுத முதல் ஒவ்வொரு உறுப்பினரோடும் தனியாக இருந்து, ஏற்கெனவே உள்ள கடன்களை எழுதுங்கள். இது கூச்சமான வேலை. பெண் ஒருவர் கதைப்பது நல்லது. நுண்கடன் வடக்கில் எவ்வளவு வீடுகளை அழ வைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்து, வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வைக்க வேண்டி வந்தது. வட்டிக் கணக்கையும் அவர்களுக்கு விளக்குங்கள். ஒரு இலட்சத்துக்கு வருடம் 24 சதவீதம், முழுத் தொகைக்கும் கடைசி வரை அதே வட்டி, ஒரு வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும் என்றால், மாதத் தவணை 10,333 ரூபா. மிச்சக் கடன் குறையக் குறைய வட்டியும் குறைவதாகக் கணக்கிட்டுப் பார்த்தால் அது ஏறக்குறைய 42 சதவீதம். 24 என்று கேட்டு ஒப்பமிட்டவர் கட்டுவது 42. ஏற்கெனவே அப்படி மாட்டியிருப்பவருக்கு உங்கள் காசு அந்தத் தவணைக்குத்தான் போகும். முதலில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டு முதலீட்டைப் பற்றிக் கதையுங்கள்.

சரி, எப்படிக் காசு போடுவது? மாதாமாதம் ஒரே தவணை கேட்காதீர்கள். பருவத் தொழிலுக்கு நான் விரும்புவது விற்பனையில் பங்கு. உதாரணமாக, குழுவுக்கு ஆறு இலட்சம் கொடுக்கிறீர்கள். மாத விற்பனையில் 6 சதவீதத்தைத் திருப்பித் தருவார்கள். மொத்தம் 7 இலட்சத்து 80 ஆயிரம் வந்ததும் முடிந்தது. பருவம் ஐந்து மாதம், அப்போது மாதம் மூன்று இலட்சம் விற்பனை என்றால் 18,000 வரும். மற்ற ஏழு மாதமும் மாதத்துக்கு 80 ஆயிரம் என்றால் 4,800. வருடத்துக்கு 1,23,600. ஆறு வருடத்துக்குச் சற்று மேல் எடுக்கும். முதலீட்டுக்கு வருடம் ஏறக்குறைய 9 சதவீதம் கிடைக்கும். விற்பனை கூடினால் முன்னதாகவே முடிந்துவிடும். மழையால் ஒரு வருடம் கெட்டால் நீங்களும் அவர்களோடு சேர்ந்து காத்திருப்பீர்கள். அந்தக் காத்திருப்புக்குச் சம்மதிக்காதவரின் காசை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு விற்பனைக் கணக்கு உண்மையாக இருக்க வேண்டும். அதனால்தான் புத்தகத்தை முதலில் சொன்னேன்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. வடக்கில் கூட்டுறவுச் சங்கம் மாகாணக் கூட்டுறவுத் திணைக்களத்தின் கீழ் வரும். உறுப்பினர் பங்கும் சேமிப்பும் அதற்குள்ளேயே வைக்கலாம். தனியார் கம்பனி என்றால் பங்குதாரர் 50 பேருக்கு மேல் போக முடியாது. உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட (பங்கு மூலதனம் இல்லாத) கம்பனி தொண்டுக்கு நல்லது. பங்குலாபம் எதிர்பார்ப்பவருக்கு அது சரிவராது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் பொதுமக்களிடம் வைப்புக் காசு வாங்குவதை 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் தடுக்கிறது. ஊர்ச் சனத்திடம் "வட்டி தருகிறோம், போடுங்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து பங்கு வாங்குபவர் உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டுக் காசை முதலீட்டுக்குக் கொண்டுவர வங்கியில் திறப்பது) ஊடாக அனுப்பினால், பங்குலாபத்தையும் பங்கை விற்ற காசையும் பின்னர் வெளியே கொண்டுபோகலாம். உடன்படிக்கையைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள்.

நாணயம் பற்றி ஒன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலரில் கணக்குப் பார்ப்பவருக்குப் போட்ட காசில் பாதிக்குக் கிட்டப் போய்விட்டது. இந்த நட்டம் யாருக்கு? ரூபாவில் பனங்கட்டி விற்கும் பெண்ணின் தலையில் அதைக் கட்டக் கூடாது. உடன்படிக்கையை ரூபாவில் எழுதுங்கள். அந்த ஆபத்தைத் தாங்கக்கூடியவர் கனடாவில் இருப்பவர்தான்.

பெரிய தொகை தேவைப்படும் இடத்தில் நீங்கள் நேரடியாகக் கொடுக்காமல், வங்கியில் நிலையான வைப்பு ஒன்றை வைத்து அதைப் பிணையாகக் கொடுக்கலாம். வங்கி குழுவுக்குக் கடன் கொடுக்கும். ஒழுங்காகக் கட்டினால் அவர்களுக்கு வங்கியில் ஒரு நல்ல பெயர் உருவாகும். அடுத்த கடனுக்கு உங்கள் பிணை தேவைப்படாது.

பயனை அளப்பது அப்புறம் வரும் கேள்வி. எத்தனை பயனாளிகள் என்று எண்ணும் அறிக்கைகள் எனக்குத் திருப்தி தருவதில்லை. நான் கேட்பவை வேறு. பருவம் இல்லாத மாதத்தில் வீட்டுக்கு எவ்வளவு வந்தது? சீவியவருக்கு அன்றைய காசு அன்றே கிடைத்ததா? அடகு வைத்த நகை மீண்டதா? கடைசிக் கேள்விக்கு அடகுச் சீட்டைக் காட்டச் சொல்லக் கூடாது. அவர்களாகச் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். நகை மீண்ட வீட்டில் சொல்லாமலும் இருக்க மாட்டார்கள்.

உடன்படிக்கையில் இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும். ஒன்று, புயலோ வரட்சியோ வந்தால் எத்தனை மாதம் கேட்காமல் விடுவீர்கள், அதை யார் தீர்மானிப்பது. மற்றது, திரும்பி வரும் காசு எங்கே போகும். அது கொழும்புக் கணக்குக்குப் போகாமல், பக்கத்து ஊரில் அடுத்த குழுவுக்குப் போக வேண்டும் என்றால், அந்த ஊரின் பெயரையே இப்போதே எழுதிவிடுங்கள். முதல் குழுவின் பெண்கள் இருவரைப் புதிய குழுவைத் தெரிவுசெய்யும் குழுவில் போடுங்கள். யார் கணக்கை ஒழுங்காக எழுதுவார்கள் என்பது அவர்களுக்குத்தான் வடிவாகத் தெரியும்.